தலைமாட்டுக் கறை

வேலைக்குப் போன வீட்டில் செருப்பை வாசலில் விட்டதும் முத்தம்மாள் அங்கே இருப்பவர்களின் முகத்தைப் பார்ப்பதில்லை. சுவரின் அடிப்பாகத்தைப் பார்க்கிறாள். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் எண்ணெய்க் கறை தெரிந்தால் அங்கே யாரோ பாய் விரித்துப் படுக்கிறார்கள். இரண்டடி உயரத்தில் தெரிந்தால் கட்டில் கிடக்கும் இடம். கறை வெளிறி இருந்தால் புதுப் பழக்கம். கறுத்து மினுங்கினால் வருடக்கணக்கு. ஜன்னல் விளிம்பில் தைல டப்பா, மூலையில் கொசுவத்திச் சாம்பல், கைக்கு எட்டும் தூரத்தில் தண்ணீர்ச் சொம்பு, சார்ஜர் தொங்கும் பிளக். இவ்வளவையும் பார்த்து முடிக்க அவளுக்கு அரை நிமிடம் போதும். அதற்குள் வீட்டுக்காரர்கள் "வாங்க, உக்காருங்க" என்று இரண்டு முறை சொல்லியிருப்பார்கள்.

உட்கார மாட்டாள். இடுப்பில் கை வைத்தபடி கேட்பாள்.

"ராத்திரில யார் யார் எங்க தல வச்சிப் படுப்பீங்க?"

பின்னால் டிரில்லிங் மெஷின் பையோடு நிற்கும் அவள் கணவர் கதிர்வேல் உடனே செருமுவார். முப்பத்தைந்து வருடத் தாம்பத்தியத்துக்குப் பிறகும் அவருக்குப் பழகாத கேள்வி அது.

கதிர்வேல் சிதம்பரத்தில் குழாய் வேலை, வயரிங், கேஸ் கீசர் எல்லாம் பார்ப்பவர். ஆறேழு வருடமாக ஒரு புது வேலை சேர்ந்திருக்கிறது. கார்பன் மோனாக்சைடு அலாரம். பேட்டரியில் ஓடும், உள்ளங்கை அகலத்தில் ஒரு வெள்ளைப் பெட்டி. கீசரோ அடுப்போ ஜெனரேட்டரோ காற்று போதாமல் எரிந்தால் வரும் நச்சுக் காற்றை மோப்பம் பிடித்துக் கத்தும். லால்பேட்டை, பரங்கிப்பேட்டைப் பக்கத்து வீடுகளுக்கு, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் சோப்பு, சாக்லேட்டோடு சேர்த்துப் பார்சலில் இதையும் அனுப்பத் தொடங்கினார்கள். வந்த பெட்டியை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. ஒரு வீட்டில் மக்கா படம் போட்ட கடிகாரத்துக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல், வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று ஷோகேஸுக்குள் வைத்திருந்தார்கள். இன்னொரு வீட்டில் சாமி அலமாரிக்கு மேலே மாட்டி, தினமும் அதற்குச் சேர்த்துச் சூடம் காட்டினார்கள்.

"புகை மணின்னு சொல்லாதீங்க," என்பாள் முத்தம்மாள். "புகை வந்தா கண்ணு எரியும், இருமுவோம், எழுந்து ஓடிடுவோம். இது கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. தல வலிக்குதேன்னு படுப்போம். அவ்ளோதான்."

பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளில் எல்லாம் இருக்கிறது. படுக்கையறைக்குப் பக்கத்தில் மாட்டவும். கீசர், அடுப்புக்கு மேலேயே வேண்டாம். சில அடி தள்ளி. குளியலறைக்குள் வேண்டாம். திரைக்குப் பின்னால் வேண்டாம். மின்விசிறிக்கு நேர் கீழேயும் ஜன்னலை ஒட்டியும் வேண்டாம். தூங்குகிறவருக்குக் கேட்க வேண்டும். கதிர்வேலுக்கு இது மனப்பாடம். ஆனால் அந்தத் தாளை எழுதியவருக்குப் படுக்கையறை என்றால் ஒரு கட்டிலும் ஒரு கதவும். சிதம்பரத்து வீடுகளில் படுக்கை நடமாடும். சித்திரை வெயிலுக்கு ஹாலுக்கு வரும். ஏசி ஓடும் மாதங்களில் வீடே ஓர் அறைக்குள் போகும். கரண்ட் போனால் வாசற்படிக்கு. ஆருத்ரா தரிசனத்துக்கு உறவினர் வந்து இறங்கினால் சமையலறை மேடைக்குக் கீழேகூடத் தலைகள் இருக்கும்.

அதனால்தான் முத்தம்மாள் கூடவே போகிறாள். கதிர்வேல் கேட்டால் யாரும் உண்மையைச் சொல்வதில்லை. இவளிடமும் சொல்வதில்லை. இவள் கண்டுபிடித்துவிடுவாள்.

வடக்கு வீதிப் பக்கம் ஒரு புது வீடு. கணவன் சித்தார்த், மனைவி அனுப்பிரியா, இருவரும் கணினி வேலை.

"எல்லாரும் பெட்ரூம்லதான் ஆன்ட்டி," என்றாள் அனுப்பிரியா.

"அப்படியா. அப்ப சோபாவுக்குப் பின்னால இருக்குற தலாணி யாருது?"

சித்தார்த் எட்டிப் பார்த்தான். "எனக்கு ஆபீஸ் கால் லேட்டா வரும். அதான் சில நாள்..."

"சில நாளா? செவுத்துல இம்மாம் எண்ணெய் எறங்கியிருக்கு தம்பி. ஆபீஸ் கால் டெய்லி வருதா?"

அனுப்பிரியா சிரிப்பை அடக்கச் சமையலறைக்குள் போனாள். கதிர்வேல் தரையைப் பார்த்துக்கொண்டு, "நடு பேசேஜ்ல அடிச்சிடலாம், ரெண்டு பேருக்கும் கேக்கும்," என்றார். வெளியே வந்து வண்டியை எடுக்கும்போது மனைவியைத் திட்டினார்.

"அலாரம் மாட்ட வந்தமா, பஞ்சாயத்து பண்ண வந்தமா? ஊர்ல நமக்குச் சிஐடின்னு பேரு வச்சிட்டானுங்க, தெரியுமா?"

"வச்சிக்கட்டும். அந்தப் புள்ள ஹால்ல படுக்குது, நீங்க பெட்ரூம்ல மணி கட்டிட்டு வந்தா யாருக்கு லாபம்? வண்டிய எடுங்க."

இந்தக் கண் அவளுக்கு லாட்ஜில் வந்தது. கீழ வீதிக்குப் பின்னால் ஒரு லாட்ஜில் பதினெட்டு வருடம் விரிப்பு மாற்றும் வேலை. முழங்கால் ஒத்துழைக்காமல்தான் வேலையை விட்டாள். அந்தப் பதினெட்டு வருடத்தைப் பற்றிப் பேசினால் அவள் குரல் இளகிவிடும். காலையில் ஆட்கள் கோயிலுக்குக் கிளம்பியதும் அறைக்குள் நுழைவாள். விரிப்பு எல்லாவற்றையும் சொல்லும். நாலு பேர் என்று பதிந்துவிட்டு ஏழு பேர் படுத்த அறை. குழந்தையை நடுவில் போட்டு இருவரும் ஓரத்துக்குப் போன கட்டில். கல்யாணமான மறுவாரம் வந்தவர்கள். பேசிக்கொள்ளாதவர்கள். ஒரு வயதான தம்பதி வருடா வருடம் ஆனித் திருமஞ்சனத்துக்கு வந்து அதே பன்னிரண்டாம் எண் அறையில் தங்குவார்கள். ஒரு வருடம் விரிப்பில் ஒரு பக்கம் மட்டும்தான் கசங்கியிருந்தது. முத்தம்மாள் அதைப் பார்த்துவிட்டு வெளியே வந்து, வராந்தாவில் வாளியைக் கவிழ்த்துப் போட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாளாம்.

"அப்பல்லாம் ஒரு ரூமுக்குள்ள நொழஞ்சா அந்தக் குடும்பத்தோட வாசன அடிக்கும். சாம்பிராணி, தேங்கா எண்ண, கொழந்த மூத்திரம். இப்ப எல்லா ரூமும் ஒரே ஸ்பிரே வாசன," என்பாள்.

அவளே எட்டுப் பேர் வரிசையாகப் படுத்த வீட்டில் வளர்ந்தவள். ரயிலடிக்குப் பக்கத்தில் ஒற்றை அறை லைன் வீடு. கதவோரம் அப்பா. பிறகு தம்பிகள். நடுவில் அம்மா. சுவரோரம் அக்காக்கள். கடைசியில் இவள். பாய் விரிப்பதும் காலையில் சுருட்டுவதும் இவள் வேலை. எட்டுத் தலையணையும் ஒரே நிற உறை. முகர்ந்தே யாருடையது என்று சொல்வாள். விசிறி ஒன்றுதான். யார் பக்கம் திரும்புகிறதோ அவர்கள் அந்த நொடிக்குப் பேச்சை நிறுத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார்களாம்.

"யாரு எங்க படுத்தாங்கன்னு அப்ப யாரும் பொய் சொல்ல முடியாது பாருங்க. ஒருத்தர் பொரண்டா எட்டுப் பேருக்கும் தெரியும்."

லால்பேட்டையில் முஹம்மது இஸ்மாயில் வீட்டுக்கு அவர்கள் போக ஆரம்பித்துப் பன்னிரண்டு வருடம். முதலில் குழாய் மாற்ற. பிறகு மோட்டார், வயரிங், கீசர். இஸ்மாயில் சிங்கப்பூரில் இருபது வருடம் கிடங்கு வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். வேலை நடக்கும்போது பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கதிர்வேலுக்கு ஸ்பானர் எடுத்துக் கொடுப்பார். கேட்பதற்கு முன்பே சரியான அளவு கையில் வந்து விழும். அவர் மனைவி மலிகா முத்தம்மாளைச் சமையலறைக்கு அழைத்துக்கொள்வார். அந்த வீட்டில் சாப்பிடாமல் எந்தக் குழாயும் சரியானதில்லை. மே மாதங்களில் போனால் ஹாலில் நான்கு பாய்கள் சுருட்டி நிறுத்தியிருக்கும். படுக்கையறை இரண்டு இருந்தும் நாலு பேரும் அந்த ஒரே விசிறிக்குக் கீழே. மகள் ஷாசியா அப்போது கல்லூரியில். எல்லோரும் தூங்கிய பிறகு தன் பக்கம் காற்று வரும்படி பாயை நகர்த்திக்கொள்வாள் என்று மலிகா சொல்லிச் சிரித்திருக்கிறார்.

ஷாசியா கருவிப் பொறியியல் படித்தாள். கடலூரில் ஒரு ரசாயன ஆலையில் வேலை. வாயு கசிந்தால் காட்டிக்கொடுக்கும் உணரிகளைப் பொருத்துவதும் சோதிப்பதும்தான் அவள் தொழில். அண்ணன் துபாய்க்குப் போனான். மலிகாவுக்குச் சிறுநீரகம் போய், ஒன்றரை வருடம் படுக்கையில் இருந்து, இறந்தார். அதன் பிறகு இஸ்மாயில் தனி. ஷாசியா ஒரு வெள்ளி விட்டு ஒரு வெள்ளி வருவாள். காலையில் வந்து மாலை பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவாள். ஷிப்ட் அப்படி. தங்கியது இல்லை.

அப்பா குளிக்கும் வெந்நீருக்கு முன்பக்கக் குளியலறையில் கேஸ் கீசர் ஓடுவது அவளை உறுத்தியது. அலாரம் வாங்கினாள். வரைபடத் தாளில் வீட்டை அளவோடு வரைந்தாள். கதவு எந்தப் பக்கம் திறக்கும், விசிறி எங்கே, ஜன்னல் எங்கே, எல்லாம். முன்னறையில் அப்பாவின் கட்டிலில் 'அத்தா' என்று எழுதி, அறை வாசலுக்கு வெளியே சுவரில் சிவப்பில் ஒரு புள்ளி வைத்தாள். புள்ளி பிசகவில்லை. தாளைக் கதிர்வேலுக்கு வாட்ஸப்பில் அனுப்பினாள்.

முத்தம்மாள் வழக்கம்போல் சுவரைப் பார்த்தபடி வீட்டைச் சுற்றினாள். முன்னறைக் கட்டிலின் தலைமாட்டில் கறையே இல்லை. விரிப்பு லாட்ஜ் விரிப்பைப்போல் மொடமொடப்பாக இருந்தது. ஹாலைத் தாண்டி, சாப்பாட்டு அறையைத் தாண்டி, பின்கட்டில் ஒரு சின்ன அறை. மலிகா நோயில் கிடந்த அறை. பின் குளியலறை பக்கத்தில் இருந்ததால் கட்டிலை அங்கே போட்டிருந்தார்கள். அதை யாரும் இன்னும் எடுக்கவில்லை. தலைமாட்டில் சொம்பு. தொழுகைத் தொப்பி. கண்ணாடிக் கூடு.

"இன்னா பாய், இங்கதான் படுக்கறீங்களா?"

"சும்மா பகல்ல கொஞ்சம் சாயறதுதான்."

"பாய்..."

இஸ்மாயில் கதவை லேசாகச் சாத்தினார். ஹாலில் இருக்கும் கதிர்வேலுக்குக் கேட்கக் கூடாது என்று நினைத்திருக்க வேண்டும்.

"தங்கச்சி, எனக்கு இந்த ரூம்லதான் கண்ண அசத்துது. பொண்ணுக்குத் தெரிய வேணாம். அது ஆசப்பட்டு முன்ரூம்ல ஏசி வாங்கி மாட்டிட்டுப் போயிருக்கு. நான் இங்க வந்து கெடக்கறேன்னு தெரிஞ்சா மனசு ஒடஞ்சிடும். தனியா வுட மாட்டேன்னு கடலூருக்கு இட்டுகினு பூடும். படத்துல எப்படிப் போட்டிருக்கோ அப்படியே அடிக்கச் சொல்லு."

விஷயம் கதிர்வேலுக்குப் போகாமல் இல்லை. அவர் ஒரு முறை சொல்லிப் பார்த்தார். "பாய், அது படத்தப் பாத்துக் கத்தாது. ஆளு படுக்கற எடத்துல இருக்கணும்."

"கீசர் முன்னாடிதான கதிரு இருக்கு? பின்னாடி எரியறதுக்கு இன்னா இருக்கு? கொசுவத்திதான்."

நியாயமாகத்தான் பட்டது. கதிர்வேல் சிவப்புப் புள்ளி இருந்த இடத்தில் துளை போட்டார். "சரி பாய்," என்று முத்தம்மாளும் தூசி விழாமல் கீழே பேப்பர் பிடித்தாள். போட்டோ எடுத்து ஷாசியாவுக்கு அனுப்பினார்கள். 'சூப்பர் அண்ணே' என்று பதில் வந்தது.

அடுத்த கார்த்திகையில் புயல். மூன்று நாள் கரண்ட் இல்லை. இரண்டாம் நாள் உறவுக்காரர் ஒருவர் தன் கடை ஜெனரேட்டரை இஸ்மாயிலிடம் கொடுத்துவிட்டுப் போனார். அன்று கொல்லையில் வைத்து ஓட்டினார். மறுநாள் மழை வலுத்ததும் நனையாமலிருக்கப் பின்வாசல் கிரில்லுக்குள் இழுத்து வைத்துத் தார்ப்பாய் கட்டினார். போனில் சார்ஜ் போய்விட்டிருந்தது. மகள் ஐந்து மணிக்குக் கூப்பிடுவாள். மதியத் தொழுகை முடித்து, ஜெனரேட்டரைப் போட்டு, போனைச் சார்ஜில் வைத்துவிட்டுப் படுத்தார். பின்னறையில். கதவைச் சாத்திக்கொண்டு.

முன்னறை வாசலில் இருந்த அலாரம் கத்தியது. இடையில் மூன்று கதவுகள். வாயு அவ்வளவு தூரம் கடந்து வந்த பிறகுதான் கத்தியது. பக்கத்து வீட்டு ரஃபீக்குக்குக் கேட்டது. இன்வர்ட்டரில் பேட்டரி இறங்கினால் அப்படித்தான் கூவும். மூன்று நாளாகத் தெருவில் எல்லார் வீட்டிலும் ஏதோ ஒன்று கூவிக்கொண்டிருந்தது. ரஃபீக் எழுந்து வந்து பார்த்தபோது நேரம் போயிருந்தது.

அடக்கம் முடிந்த வாரம் ஷாசியா அலாரத்தைக் கழற்றி ஆலைக்குக் கொண்டுபோனாள். அளந்து நிரப்பிய வாயுவைப் பாய்ச்சிச் சோதித்தாள். மூன்று நிமிடத்துக்குள் கத்த வேண்டியது இரண்டாவது நிமிடத்திலேயே கத்தியது. கருவியில் குறை இல்லை. எல்லோரும் ஒன்றைத்தான் சொன்னார்கள். அன்னிக்குப் பார்த்து அங்கே போய்ப் படுத்திருக்கிறார், விதி.

முத்தம்மாளுக்கு மட்டும் தெரியும், அன்றைக்குப் பார்த்து அல்ல என்று.

அதற்குப் பிறகுதான் அவள் வாய் இவ்வளவு நீண்டது. முன்பெல்லாம் கண்டதைக் கண்டபடி விட்டுவிடுவாள். இப்போது உண்மை வரும்வரை கதிர்வேலைத் துளை போட விடமாட்டாள். டீ கொடுத்தால் குடிக்க மாட்டாள். ஒரு வீட்டில் கோபித்துக்கொண்டு, "நீங்க யாரு எங்க வூட்டு படுக்கையப் பாக்கறதுக்கு?" என்று கேட்டுவிட்டார்கள். "திட்டுங்க. திட்டிட்டு எங்க படுக்கறீங்கன்னு சொல்லுங்க," என்று அப்படியே நின்றாள்.

ஒருத்தியிடம் மட்டும் அவள் வாயைத் திறந்ததில்லை. போன மாசியில் அவளிடமிருந்துதான் போன் வந்தது. ஷாசியா கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீடு மாறியிருக்கிறாள். மாடியில் ஒரு போர்ஷன். வீட்டு ஓனர் கேஸ் கீசர் போட்டிருக்கிறார். கதிர்வேல் அண்ணன் வந்து அலாரம் மாட்டித் தர முடியுமா?

பஸ்ஸில் கதிர்வேல் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார். "அங்க போயி வாயத் தொறக்காத."

"நான் எங்க தொறக்கறேன்."

"ஒன்ன எனக்குத் தெரியும்மே. ஆனது ஆயிடுச்சி. இப்பப் போயி சொல்லி அந்தப் பொண்ணுக்கு இன்னா ஆவப்போவுது? அதுவா தேத்திக்கினு இருக்குது."

"தேத்திக்கினு இருக்குதா இல்லியான்னு பாத்துட்டுச் சொல்றேன்."

"பாத்தியா, பாத்தியா."

முத்தம்மாள் காலையில் சாப்பிட்டிருக்கவில்லை. சொன்னால் அந்தப் பெண் இனிமேல் தன் முகத்தில் விழிக்க மாட்டாள். சொல்லாவிட்டால் தானே விழிக்க முடியாது. வழி முழுக்க இந்த இரண்டுக்கும் நடுவில்தான் உட்கார்ந்திருந்தாள்.

ஷாசியா மெலிந்திருந்தாள். மேசையில் வரைபடத் தாள் தயாராக இருந்தது. அதே பென்சில் கோடு, அதே சிவப்புப் புள்ளி. கட்டிலில் 'நான்' என்று எழுதியிருந்தாள். கதிர்வேல் குனிந்து தாளைப் பார்த்தார்.

"கரெக்டா போட்டிருக்கீங்கம்மா. அடிச்சிடலாம்."

முத்தம்மாள் சுற்றினாள். புது வெள்ளையடித்த சுவர். எங்கேயும் கறை இல்லை. கட்டில் விரிப்பு மொடமொடப்பாக இருந்தது. அவள் அதை உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள். ஹாலுக்கு வந்தாள். ஜன்னலோரம் ஒரு சாய்வு நாற்காலி. முதுகுப்புறத் துணியில், தலை படும் இடத்தில், கை அகலத்துக்கு எண்ணெய் இறங்கியிருந்தது. கைப்பிடியில் மடித்துப் போட்ட போர்வை.

"கட்டில்ல யாருமே படுக்கறதில்லியே பாப்பா."

கதிர்வேல் செருமினார்.

"படுத்தாத் தூக்கம் வர்றதில்லக்கா," என்றாள் ஷாசியா. "நாற்காலில சாஞ்சிக்கறேன். ரெண்டு மணி நேரம் வரும்."

"எத்தன நாளா?"

"அதுலேர்ந்துதான்." தாளைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "கணக்குப் போட்டுக்கிட்டே இருப்பேன்க்கா. எல்லாம் சரியாத்தான் செஞ்சேன். கருவி சரி. எடம் சரி. அன்னிக்கு மட்டும் அவுரு ஏன் பின்ரூமுக்குப் போனாரு? மழைக்கா? ஜெனரேட்டரப் பாத்துக்கறதுக்கா? அந்த ஒண்ணுதான் எனக்கு விடையே வரல."

"அன்னிக்கு மட்டும் இல்ல பாப்பா."

"ஏமே," என்றார் கதிர்வேல்.

"நீங்க சும்மா இருங்க." முத்தம்மாளின் குரல் உயரவில்லை. "ஒங்க அத்தா தெனமும் அங்கதான் படுத்தாரு. அம்மா பூட்டாங்கல்ல, அந்த நாள்லேர்ந்து. முன்ரூம்ல ஒரு நாளும் படுக்கல. அலாரம் மாட்ட வந்த அன்னிக்கே நான் பாத்துட்டேன். ஒனக்குத் தெரிய வேணாம்னு கேட்டுக்கிட்டாரு. சரின்னுட்டேன்."

கீழே தெருவில் யாரோ வண்டியை உதைத்துக்கொண்டிருந்தார்கள். அது கிளம்பிப் போனதும் ஷாசியா ஜன்னலைச் சாத்தினாள்.

"சரின்னுட்டீங்க."

"ஆமா."

"நான் பக்கத்துலதான் இருந்தேன். அறுபது கிலோமீட்டர். ஒரு போன் பண்ணியிருக்கலாம். வரைபடத்துல தப்பு இருந்தா வேல செய்யறவங்கதான்க்கா சொல்லணும். எங்க ஆலைல ஹெல்ப்பர்கூடச் சொல்லுவான்."

"ஆமா பாப்பா. சொல்லியிருக்கணும்."

ஷாசியா அவளைப் பார்த்தாள். ஏதாவது காரணம் வரும் என்று காத்திருந்தாள். பின்னால் எரிய ஒன்றுமில்லை என்று இஸ்மாயில் சொன்னதைக் கதிர்வேல்தான் தொடங்கினார். முத்தம்மாள் கையைக் காட்டி நிறுத்திவிட்டாள்.

"எனக்குத் தெரியலியே," என்றாள் ஷாசியா. இப்போது யாரிடமும் சொல்லவில்லை. "ரெண்டு வருஷம். ஒரு வெள்ளிக்கெழம தங்கியிருந்தாத் தெரிஞ்சிருக்கும்." தாளை மடித்தாள். மறுபடி பிரித்தாள். "தனியா அந்த ரூம்ல போயி ஏன் கெடந்தாரு? அங்க இன்னா இருக்கு? மருந்து வாசனதான் இருக்கும்."

"தனியாப் படுக்கல பாப்பா."

"இன்னாக்கா சொல்றீங்க?"

"கட்டில் தலமாட்டுச் செவுத்துல ரெண்டு கற. ஒண்ணு உள்ளாற, செவுரு மூலையோரமா. அது பழசு, காஞ்சி போச்சி. அது அம்மாவோடது. இன்னொண்ணு இந்தாண்ட ஓரத்துல, புதுசு. நடுவுல ஒண்ணுமில்ல. எம்மாம் பெரிய கட்டிலு அது? ஒரு ஆளு தனியாப் படுத்தா நடுவுலதான படுப்பாரு? பஞ்சு மெத்தைல குழி எங்க விழுந்திருந்திச்சின்னு நான் பாத்தேன். லாட்ஜில பதினெட்டு வருஷம் பாத்த கண்ணு எனக்கு."

"எப்படிப் படுத்திருந்தாரு?"

முத்தம்மாள் சுற்றிலும் பார்த்தாள். ஹாலில் நாற்காலி இருந்த பக்கத்தை விட்டு, வெறும் சுவர் இருந்த பக்கத்துக்குப் போனாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, வலிக்கும் முழங்காலை ஒரு கையால் பிடித்தபடி மெல்லத் தரையில் உட்கார்ந்தாள். கதிர்வேல் தாங்க வந்தார். வேண்டாம் என்று தலையசைத்தாள். பிறகு அந்தச் சில்லென்ற டைல்ஸில், சுவரைப் பார்த்து, வலது பக்கமாக ஒருக்களித்துப் படுத்தாள். வலது கையைக் கன்னத்துக்குக் கீழே கொடுத்தாள். முழங்கால்களைச் சற்று மடக்கினாள். படுத்த பிறகு, இடம் போதுமா என்று பார்ப்பவளைப்போல் தலையைத் தூக்கிப் பார்த்து, இன்னும் ஒரு சாண் பின்னால் நகர்ந்துகொண்டாள். அவள் முகத்துக்கும் சுவருக்கும் நடுவே இன்னொருவர் படுக்கும் அகலம் இருந்தது. இடது கையை நீட்டி, அந்த வெற்றுத் தரையின்மேல், யாருடைய தோள்மேலோ வைப்பதைப்போல் வைத்தாள்.